உத்திரமேரூரை எந்த நாட்டோடு ஒப்பிடுவது?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உத்திரமேரூர் நகர்ப்புறம். பேரூராட்சி என்ற தகுதி இருப்பதால் சட்டம் அதை நகரமாகக் கொள்கிறது. 2011-இல் அங்கே சுமார் 25,000 பேர் வசித்தார்கள். ஊரைச் சுற்றிலும் ஏரிப் பாசனமும் நெல் வயலும்தான். இதே ஊர் இலங்கையில் ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் அமைந்திருந்தால் அந்நாட்டுக் கணக்கில் அது கிராமப்புறம். அங்கே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே நகரவாசிகள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் அடங்கிவிட்டன. கடைத்தெருவும் வங்கியும் பேருந்து நிலையமும் உள்ள சிறுபட்டணங்கள் பல புள்ளிவிவரத்தில் கிராமங்களாயின. அதனால்தான் 2012 கணக்கெடுப்பில் இலங்கையின் நகர்ப்புற மக்கள் 18.2 விழுக்காடு என்று வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவின் கணக்கு 31 விழுக்காடு. கொழும்பிலிருந்து காலி வரை கடலோரச் சாலையில் ஒருமுறை போனவர்கூட இலங்கை இந்தியாவைவிட இத்தனை தூரம் கிராமப்பாங்கான நாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

இலங்கையில் நகரம், கிராமம் என்ற இரண்டோடு பெருந்தோட்டம் என்ற மூன்றாவது பிரிவும் உண்டு. நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண் அந்தப் பிரிவில் பதிவாகிறார். அதே கொழுந்தை வால்பாறையில் பறிக்கும் பெண்ணோ நகரவாசி. ஏனென்றால் வால்பாறை ஒரு நகராட்சி. ஒரே தொழில், ஒரே மாதிரி லயன் வீடு, பெரும்பாலும் ஒரே மொழி. ஆனால் ‘நகர்ப்புறப் பெண்களின் கல்வி: இந்தியாவும் இலங்கையும்’ என்று யாராவது அட்டவணை போட்டால் வால்பாறைப் பெண் கொழும்புப் பெண்ணோடு ஒப்பிடப்படுவார், நுவரெலியாப் பெண் அந்த அட்டவணையிலேயே இருக்க மாட்டார்.

நாடுகளின் சமூகக் கணக்கெடுப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது இன்று உலகளாவிய ஒரு பெருந்தொழில். மகிழ்ச்சி, நம்பிக்கை, பெண்களின் உழைப்பு, உடல்நலம் என எல்லாவற்றுக்கும் தரவரிசை வருகிறது. அந்த வரிசைகளை வைத்து நிதி ஒதுக்கப்படுகிறது, கொள்கை எழுதப்படுகிறது, தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியைத்தானே கேட்டார்கள், ஆகவே விடைகளை ஒப்பிடலாம் என்பது இதன் அடியிலுள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை போதாது என்பதே என் வாதம். யாரை எந்த எல்லைக்குள் வைத்து எண்ணினோம், வீட்டில் யார் பதில் சொன்னார், அவர் மனத்தில் எந்த அளவுகோலை வைத்துப் பதில் சொன்னார் என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடத் தகுந்ததாக்குகின்றன. இந்த மூன்றும் அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாவது அபூர்வம்.

எல்லை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டில் 2020-21-இல் களத்துக்கு வந்தது. அதற்கு முன்பே, 2019 நவம்பர் 29 அன்று, காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்துவிட்டது. ஆனால் ஆய்வு எடுத்துக்கொண்டது 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களை. ஆகவே அதில் ‘காஞ்சிபுரம்’ என்று இருப்பது பழைய காஞ்சிபுரம்: தாம்பரம், பல்லாவரம், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தது. 2011-இல் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 39.98 லட்சம், அதில் 63 விழுக்காட்டுக்கு மேல் நகர்ப்புறம். அந்த எண்ணை எடுத்து உத்திரமேரூர் வட்டத்தின் நிலையைச் சொல்ல முடியாது. வங்கதேசத்து மாவட்டம் ஒன்றோடு ஒப்பிடுவது அதைவிடத் தவறு. ஆய்வு தன் விதியை மறைக்கவில்லை, அறிக்கையில் தெளிவாக எழுதியிருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நாடுகளுக்கிடையே நகரம், கிராமம் என்பதை மக்கள் அடர்த்தியை வைத்து ஒரே முறையில் வகுக்கும் வழியொன்றை ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2020-இல் ஏற்றுக்கொண்டது. தேசியக் கணக்கெடுப்புகள் அதையும் சேர்த்து வெளியிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

உழைப்பைப் பற்றிய கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தருவது.

காஞ்சிபுரம் வட்டாரத் தறி வீட்டை எடுத்துக்கொள்வோம். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் பிணைய வேண்டியிருப்பதால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவி. தார் சுற்றுவதும் அவர்தான். தறி இல்லாத விவசாய வீட்டில் மாட்டைப் பார்த்து, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றுபவர் பெண். சொசைட்டியில் உறுப்பினர் பெயர் பெரும்பாலும் கணவருடையது. நாற்று நடவின்போது அவரே கூலிக்கும் போவார், நூறு நாள் வேலைக்கும் போவார். கணக்கெடுக்க வரும் பெண் வாசலில் நின்று, “நீங்க என்ன வேலை செய்றீங்கம்மா?” என்று கேட்டால் வரும் பதில், “வேலைக்கெல்லாம் போவலம்மா, ஊட்லதான் இருக்கறன்.” அத்தோடு நிறுத்திக்கொண்டால் அவர் வீட்டுப் பணி செய்பவர். “மாடு இருக்கா? யார் பால் கறக்கறது? தறியில யார் கூட உக்கார்றது?” என்று தொடர்ந்து கேட்டால் அவர் குடும்பத் தொழிலில் கூலியில்லாத உழைப்பாளர். நாட்டின் பெண் உழைப்பு விகிதம் அந்த இரண்டாவது கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. தான்சானியாவில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். சில வீடுகளுக்கு விரிவான கேள்விகள், சில வீடுகளுக்குச் சுருக்கமான கேள்விகள். சிலரிடம் நேரடியாக, சிலருக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவரிடம். பர்தாசியும் பீகிளும் மற்ற இருவரும் 2011-இல் வெளியிட்ட முடிவு இது: தொடக்கத்தில் துருவிக் கேட்காத சுருக்கமான வினாப்பட்டியலில் பெண்களின் வேலை விகிதம் குறைந்தது, பிறர் பதில் சொன்ன வீடுகளிலோ ஆண்களின் விகிதம் குறைந்தது, காரணம் அவர்களுடைய வயல் வேலை சொல்லப்படாமல் போனது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், கேட்கும் முறையை மாற்றியதற்கே இந்த வேறுபாடு என்றால் இரண்டு நாடுகளின் எண்களுக்கு இடையே எவ்வளவு இருக்கும்?

நேபாளம் இதற்குப் பதில் சொல்கிறது. 2008-இல் அந்நாட்டின் உழைப்பாளர் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கேற்பு சுமார் 80 விழுக்காடு. 2017-18-இல் அது 26 விழுக்காடு. அந்தப் பத்தாண்டுகளில் நேபாளப் பெண்கள் வயலை விட்டு வீட்டுக்குள் போய்விடவில்லை. 2013-இல் உழைப்புப் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு வரையறையை மாற்றியது: சொந்த உணவுக்காக விளைவிப்பது உழைப்புதான், ஆனால் அதை ‘வேலைவாய்ப்பு’ என்று எண்ண வேண்டாம் என்றது. நேபாளம் புதிய வரையறைக்குப் போனது. இந்தியாவின் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்போ வீட்டுக்கு விளைவிக்கும் நெல்லையும் வேலையாகவே எண்ணுகிறது. இந்தியக் கிராமப்புறத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் 24.6 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 47.6 ஆனது, உயர்ந்ததில் பெரும்பகுதி சுயதொழிலிலும் கூலியில்லாக் குடும்ப உழைப்பிலும். நேபாளத்தின் 26-ஐயும் இந்தியாவின் 47.6-ஐயும் ஒரே பத்தியில் வைத்து, இந்தியப் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று எழுதுபவர் இரண்டு நாட்டுப் பெண்களுக்கும் அநீதி செய்கிறார். ஆறு மாதச் சாப்பாட்டுக்கு நெல் விளைவிக்கும் ஒரு பெண் எல்லைக்கு இந்தப் பக்கம் உழைப்பாளி, அந்தப் பக்கம் உழைப்புப் படைக்கு வெளியே இருப்பவர்.

காலமும் இதில் நுழைகிறது. கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்பது வாராந்தர நிலையைக் கேட்கும் முறை. காஞ்சிபுரம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவங்கள் உண்டு. நவரை நடவு வாரத்தில் கேட்டால் ஒரு பதில், ஏரி வற்றிய வைகாசியில் கேட்டால் வேறு பதில். ஆண்டு முழுவதும் களப்பணி நடக்கும் நாட்டின் கணக்கையும் இரண்டு மாதத்தில் முடித்துவிடும் நாட்டின் கணக்கையும் ஒப்பிடும்போது பருவமே ‘சமூக வேறுபாடு’ என்ற பெயரில் வந்து உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னவை எண்ணக்கூடியவை. மனத்தில் இருப்பதைக் கேட்கும்போது சிக்கல் ஆழமாகிறது.

உலக மகிழ்ச்சி அறிக்கை 2012 முதல் வருகிறது. அதன் அடிப்படை ஒரே கேள்வி: 0 முதல் 10 வரை எண்ணிட்ட படிகள் கொண்ட ஏணியில் உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு, அடிப்படி மிக மோசமானது, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வகுத்த கேள்வி இது. அவர் ஆய்வு செய்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2024 அறிக்கையில் இந்தியா 126-ஆம் இடம், பாகிஸ்தான் 108, இலங்கை 128. பாகிஸ்தானுக்குப் பின்னால் இந்தியாவா என்று ஒரு பக்கம் கொந்தளிப்பு, அறிக்கையே சதி என்று இன்னொரு பக்கம். இரண்டையும் விட்டுவிட்டு ஏணியைப் பார்ப்போம். உச்சிப்படியில் என்ன இருக்கிறது என்பதை நிரப்புபவர் பதில் சொல்பவரே. மகள் பொறியியல் முடித்து ஒரகடம் தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ்ஸில் போகும் வீட்டில் தாயின் உச்சிப்படியும் மகளின் உச்சிப்படியும் ஒன்றாக இருக்க வழியில்லை. மகளின் வாழ்வு தாயினுடையதைவிட வசதியானது. அவள் தன்னை மூன்றாம் படியில் வைத்துக்கொள்ளலாம், தாய் ஏழாம் படியில். மகள் நிற்கும் இடம் தாழ்ந்துவிடவில்லை, அவள் கண்ணுக்குத் தெரியும் ஏணி நீண்டிருக்கிறது.

உடல்நலத்தில் இதே உண்மையை அமர்த்தியா சென் 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார். இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிக அதிகமாக இருந்த கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் மிக அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. அமெரிக்கர்களோ கேரளத்தாரையும் மிஞ்சினார்கள். பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் உடல் குறையைப் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரிகிறது. இல்லாதவர் அதை வாழ்க்கையின் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-இல் கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் எடுத்த கணக்கையும் சென் பலமுறை சுட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள்; கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்தப் பெண்கள் ஆண்களைவிட இருபது மடங்கு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று எவராவது நம்புவாரா? குறைப்படவும் ஓர் உரிமையுணர்வு வேண்டும். பஞ்சம் அதைக்கூட அவர்களிடம் விட்டுவைக்கவில்லை.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட பரிகாரங்களில் எனக்கு மதிப்புள்ளது ஒன்று. கேரி கிங், கிறிஸ்டோபர் மரே முதலிய நால்வர் 2004-இல் முன்வைத்தது. ஒருவரிடம் அவருடைய நிலையைக் கேட்பதோடு, கற்பனை மனிதர்கள் சிலரின் நிலையைச் சிறு கதையாகச் சொல்லி, அவர்களை எந்தப் படியில் வைப்பீர்கள் என்றும் கேட்பது. கதை எல்லா நாட்டிலும் ஒன்றே என்பதால், பதில் சொல்பவரின் அளவுகோல் எவ்வளவு நீளம் என்பது வெளிப்பட்டுவிடும். ஆட்சியில் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கேட்டபோது மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்களே தங்களுக்கு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். நீண்டகாலம் ஆண்ட கட்சியை 2000-இல் வாக்குச்சீட்டால் இறக்கிய நாடு மெக்சிகோ. கதைகளைக் கொண்டு அளவுகோலைச் சரிசெய்தபோது வரிசை தலைகீழானது. கதையை எல்லோரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற அனுமானத்தின்மீது இந்த முறையும் நிற்கிறது. அந்தக் குறை இருந்தும், ஏணியை மட்டும் நீட்டுவதைவிட இது நேர்மையானது.

நம்பிக்கை பற்றிய கேள்வியையும் சொல்ல வேண்டும். ‘பெரும்பாலானவர்களை நம்பலாமா?’ என்று 1981-இல் தொடங்கிய உலக விழுமியங்கள் ஆய்வு கேட்டுவருகிறது. 51 நாடுகளின் விடைகளை டெல்ஹி, நியூட்டன், வெல்சல் மூவரும் 2011-இல் அலசி, ‘பெரும்பாலானவர்கள்’ என்றதும் மனக்கண்ணில் வரும் வட்டம் செல்வம் மிக்க மேற்கு நாடுகளில் அகலமாகவும் சீனா போன்ற நாடுகளில் குறுகலாகவும் இருப்பதைக் காட்டினார்கள். ஊர் வேறு, காலனி வேறு என்று தெருக்கள் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில் அந்த வட்டம் எங்கே முடிகிறது என்று கேட்காமல் பெறும் ‘நம்பலாம்’ என்ற பதிலுக்கு மதிப்பு குறைவு. ஊர்த் தெருவில் உட்கார்ந்து கேட்டால் வரும் பதில் காலனியில் கேட்டால் வருவதாக இருக்காது. கேட்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று பதில் சொல்பவர் ஊகித்துக்கொள்வதும் அதில் சேரும். குடும்ப வன்முறை குறித்த கேள்விகளில் குடும்ப நல ஆய்வு இதை உணர்ந்து நடக்கிறது. வீட்டுக்கு ஒரே பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்பது விதி. ஒற்றை அறை வீட்டில் மாமியார், குழந்தை, எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டார் எல்லோரையும் தாண்டி அந்தத் தனிமையை உண்டாக்குவது களப்பணியாளரின் திறமை. எந்த நாட்டில் தனிமை எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே வன்முறை அதிகமாகப் பதிவாகும். அந்த நாட்டை மோசமான நாடு என்று வரிசைப்படுத்திவிடுவோம்.

ஒப்பீடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு இடங்களை எடுத்தார்கள்: உத்திரமேரூருக்கு மேற்கே தொடங்கும் அன்றைய வட ஆற்காடு மாவட்டம், இலங்கையின் தெற்கிலுள்ள அம்பாந்தோட்டை மாவட்டம். பசுமைப் புரட்சி உண்மையில் நெல் விவசாயியை எட்டியதா என்பது கேள்வி. பி. எச். ஃபார்மர் தொகுத்த நூல் 1977-இல் வந்தது. நஞ்சம்மா சின்னப்பா மாதிரிக் கணக்கெடுப்பைக் கவனித்தார். ஜான் ஹாரிஸ் கிராமத்திலேயே தங்கி ஆய்வு செய்தார். ராபர்ட் சேம்பர்ஸ் தண்ணீர் நிர்வாகத்தைப் பார்த்தார்.

அவர்கள் முதலில் எதிர்கொண்டது ‘புதிய ரகம்’ என்றால் எது என்ற கேள்வி. வட ஆற்காட்டில் அது ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20. இலங்கையிலோ பத்தலகொடையில் உள்நாட்டிலேயே உருவாக்கிய எச் 4 ரகம் 1950-களின் கடைசியிலிருந்தே பரவியிருந்தது. அதைப் புதியதில் சேர்த்தால் ஒரு நாடு முன்னேறிய நாடு, பழையதில் சேர்த்தால் அதே நாடு பின்தங்கிய நாடு. இங்கே மகசூலை மூட்டையில் சொல்வார்கள், அங்கே சுமார் 21 கிலோ கொண்ட புசலில். இங்கே கிணறும் மின் பம்புசெட்டும், அங்கே வாய்க்கால். இந்த வேறுபாடுகளைத் திருத்தி மறைக்காமல் அவற்றையே ஆய்வின் பொருளாக்கினார்கள் என்பதுதான் அந்த நூலின் பெருமை. வேளாண் துறை சொன்ன புதிய ரகப் பரப்பளவு களத்தில் கண்டதைவிட மிக அதிகம் என்பதும் அதனால்தான் தெரியவந்தது. பத்தாண்டு கழித்து, 1983-84-இல், அதே மாவட்டத்தை மறு ஆய்வு செய்த ஹேசலும் சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூலில் சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் பலனடைந்தார்கள் என்று நம்பிக்கையான முடிவுக்கு வந்தார்கள். எந்த ஆண்டை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது பற்றி விவாதம் எழுந்தது. மழை பெய்த ஆண்டும் பொய்த்த ஆண்டும் ஒரே ஊரில்கூட இரண்டு நாடுகள் போலத்தான்.

சேம்பர்ஸ் அந்த அனுபவத்திலிருந்து கடுமையான பாடம் கற்றார். நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஆய்வாளரையே அடிமையாக்கிவிடுகிறது என்று 1983-இல் எழுதிய நூலில் வாதிட்டார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். குறைவாகக் கேள், நன்றாகக் கேள் என்பது சரி. ஆனால் எண்ணிக்கையைக் கைவிட்டால் கொள்கை வகுப்பவர்கள் முன் கிராமத்தின் குரல் எடுபடாது.

மாதிரி எடுப்பதைப் பற்றி உத்திரமேரூரில் உட்கார்ந்து பேசும்போது குடவோலைக் கல்வெட்டைத் தாண்டிப் போக முடியாது. முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்தவை அவை. ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க, முப்பது குடும்புகளிலிருந்தும் (வட்டங்களிலிருந்தும்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த முறையில் பாரபட்சத்துக்கு இடமில்லை. ஆனால் குடத்துக்குள் போகும் ஓலைக்குத் தகுதி வேண்டும்: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. பெண்களும் உழுகுடிகளும் குடத்துக்கு வெளியே. எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் குடத்தில் இல்லாதவர் கைக்கு வர மாட்டார். இன்றைய கணக்கெடுப்புகளுக்கும் இதுவே விதி. இந்தியாவில் 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து மாதிரிகள் 2011-இன் பட்டியலைச் சார்ந்தே நின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அதற்குப் பிறகு வந்து குடியேறிய வடமாநிலத் தொழிலாளர்கள் அந்தக் குடத்தில் சரியான அளவில் இல்லை. இலங்கை 2024-இல் கணக்கெடுத்துவிட்டது. பதின்மூன்று ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு குடங்களிலிருந்து எடுத்த ஓலைகளை ஒப்பிடுகிறோம். பழைய சபையினர் தங்கள் விலக்கு விதிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லில் எழுதி வைத்தார்கள். அதனால்தான் யாரை விட்டார்கள் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மால் குறை சொல்ல முடிகிறது. ஒவ்வொரு தரவரிசையும் தன் விலக்கு விதிகளை அதே அளவு வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய தூசி கிராமத்தை 1916-இல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர் ஒருவர் ஆராய்ந்தார். 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு, 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் மறு ஆய்வு என்று அந்த மரபு தொடர்ந்தது. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொறுமை நமக்கு அந்நியமில்லை. அதே பொறுமையோடு இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உத்திரமேரூர் வட்டத்தையும் கிளிநொச்சி மாவட்டத்தையும் இணையாக எடுத்து ஆராயலாம். இங்கே உத்திரமேரூர் ஏரி, அங்கே இரணைமடுக் குளம். இரண்டு இடத்திலும் நெல், இரண்டு இடத்திலும் தமிழ், இரண்டு இடத்திலும் கூலி எழுதப்படாத பெண்ணுழைப்பு. போரும் இடப்பெயர்வும் கண்ட மக்களின் ஏணியையும் நம்முடைய ஏணியையும் ஒப்பிட, கதை சொல்லி அளவுகோலைச் சரிபார்க்கும் முறை கட்டாயம் தேவைப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரு நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே பருவத்தில், ஒரே பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைக் கொண்டு, வினாப்பட்டியலையும் விலக்கு விதிகளையும் எண்களோடு சேர்த்துத் தமிழிலேயே வெளியிட முன்வர வேண்டும்.